நிறுத்தியது நானில்லை

சனவரி 3

மூன்றாவது மருத்துவரும் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்றுமில்லாத காலை ஆட்டோ ஓட்டுநரும் என் மனைவி தையல்நாயகியும் சேர்ந்து தூக்கி வண்டிக்குள் வைத்தார்கள்.

கார்த்திகை மழையில் மன்னார்குடிப் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மறுநாள் விழித்தபோது வலது கால் வேறு யாரோ கட்டிலில் மறந்துவிட்டுப் போனது போலக் கிடந்தது. தொட்டால் தெரிகிறது. தூக்கு என்றால் தூக்கவில்லை. தடியை ஊன்றி நடந்தால் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு, பின்னாலேயே இழுபட்டு வருகிறது. பக்கவாதம் இல்லை. தண்டுவடம் சரி. குகை போன்ற எந்திரத்துக்குள் விட்டு மூளையைப் படம் எடுத்தார்கள். அதுவும் சரி.

நடைவழியில் அந்த மருத்துவர் என் மகனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வயசானவங்க கவனிக்கணும்னு எதிர்பார்ப்பாங்க சார். வேற ஒண்ணுமில்ல." எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை யாரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை.

நான் நடிக்கிறேனாம். நடிப்பவர்களைப் பிடித்துக் கொடுப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த நான்.

சனவரி 5

தையல்நாயகி வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வத்தக்குழம்பில் உப்பு குறைவு என்று சொன்னேன். "நாக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது" என்றாள்.

கடை பூட்டியே கிடக்கிறது. பழுதுபார்க்க வந்த ஒரு மிக்சியும் இரண்டு ரேடியோவும் உள்ளே இருக்கின்றன. வந்து கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் வர முடியாது என்றா?

சனவரி 9

தஞ்சாவூரில் நான்காவது மருத்துவர். பெயர் மெஹருன்னிசா. பலகையில் 'மனநலம்' என்று எழுதியிருந்ததால் வாசலிலேயே திரும்பிவிடப் பார்த்தேன். திரும்பக் கால் இல்லை.

என் மகள் வயதுதான் இருக்கும். படுக்க வைத்து, வலது குதிகாலுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்தார்.

"ஐயா, வலது காலால என் கையை அழுத்துங்க."

அழுத்தினேன். ஒன்றுமில்லை.

"சரி, அதை விட்டுடுங்க. இடது காலைத் தூக்குங்க. நான் அமுக்குவேன், விடாம தூக்குங்க." தூக்கினேன். உடனே தையல்நாயகியைக் கூப்பிட்டு, "அம்மா, நீங்க கையை வச்சுப் பாருங்க" என்றார். மறுபடி இடது காலைத் தூக்கினேன்.

"அழுத்துதுங்க!" என்று கத்தினாள் அவள். "கையே நசுங்குது!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மனைவியையே சாட்சி வைத்து என்னைத் திருடனாக்கிவிட்டார் என்று நினைத்தேன். எழுந்து போகிறேன் என்றேன்.

"கோவப்படாதீங்க ஐயா. இது நீங்க நடிக்கிறதுக்குச் சாட்சி இல்ல. கால் நல்லா இருக்குங்கிறதுக்குச் சாட்சி. நீங்க நடிக்கல. உங்களுக்கு நெசமாவே ஒரு நோய் இருக்கு, அதுக்குப் பேரும் இருக்கு. நரம்பு அறுந்து போகல, வேலை செய்யற விதம்தான் மாறிப் போச்சு. நீங்க காலைத் தூக்கணும்னு நினைக்கிறப்ப கவனம் குறுக்க வந்து நிக்குது. காலையே பாக்கப் பாக்க அது இன்னும் நிக்கும். கவனம் வேற பக்கம் போனா வழி தொறக்குது. இப்ப தொறந்துச்சு பாருங்க."

நடிக்கவில்லை என்று ஒரு மருத்துவர் வாயால் கேட்க இரண்டு மாதம் ஆயிற்று. அதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

"செட் நல்லா இருக்கு, ஸ்டேஷன்தான் பிடிக்கலைங்கிறீங்க" என்றேன்.

"இனிமே எல்லாருக்கும் அப்படியே சொல்றேன்" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் கெடுத்தார். சிகிச்சை என்ன என்று கேட்டேன். நடைப்பயிற்சி, கூடவே மனோவசியம் என்றார்.

சனவரி 10

மனோவசியம்!

இருபது வயதில் அஞ்சல்வழிப் பாடம் வரவழைத்து, அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்து, நானே கற்றுக்கொண்ட வித்தை அது. எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். வைத்தியநாதன் என்ற பெயரைப் பகலவன் என்று மாற்றிக்கொண்டதும் அந்த ஆண்டில்தான். அப்புறம் ஊர் ஊராகப் போய்ப் பகுத்தறிவு மேடைகளில் தந்திரக் காட்சி நடத்தினேன். நாக்கில் கற்பூரம், விரலிலிருந்து விபூதி, வெறுங்காலோடு நெருப்புக் குழி. கடைசியில் மனோவசியம். ஓர் இளைஞனை மேடைக்கு அழைத்துக் கைகளைக் கோத்துக்கொள்ளச் சொல்வேன். இனிப் பிரிக்க முடியாது என்பேன். அவன் இழுத்து இழுத்துப் பார்த்து வியர்ப்பான். கூட்டம் வாய் பிளக்கும். அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பேன்: "தோழர்களே, வசியம் என்று ஒன்று கிடையாது. இந்தத் தம்பி நமக்காக நன்றாக நடித்தார்." கைதட்டல்.

வலங்கைமானில் ஒரு பையன் காட்சி முடிந்த பிறகு என்னைத் தேடி வந்து, "நான் நடிக்கலீங்க. நெசமாவே கை வரல" என்றான். சரி சரி, போ என்று அனுப்பிவிட்டேன். இது எதற்கு இப்போது நினைவுக்கு வருகிறது என்று தெரியவில்லை.

போக மாட்டேன்.

சனவரி 14

போகி. தையல்நாயகி கிழிந்த பாயைக் கொளுத்திவிட்டு, "அந்தத் தடியையும் போட்றவா?" என்று கேட்டாள். வேண்டுமென்றேதான்.

சனவரி 20

போனேன். அம்பலப்படுத்துவதற்காகத்தான் போனேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஊசல் இல்லை, மெழுகுவத்தி இல்லை. சுவரில் ஒரு பழைய ஆணி. அதைப் பார்க்கச் சொன்னார்.

"கண்ணை மூடணும்னு கட்டாயம் இல்ல ஐயா. என்னை நம்பணும்னும் கட்டாயம் இல்ல. தூங்கவும் மாட்டீங்க. எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம்."

"தந்திரம் தெரிஞ்சவங்கிட்ட இது செல்லாது."

"தெரிஞ்சாலும் நடக்கும். பொய்னு தெரிஞ்சுதானே சினிமாவுல அழறோம்?"

"நான் அழுததில்லை."

பின்னால் நாற்காலியிலிருந்து தையல்நாயகியின் குரல்: "அளந்து விடாதீங்க."

மூச்சைக் கவனிக்கச் சொன்னார். இனி இமை கனக்கிறது என்பார் என்று நினைத்தேன். என்றார். கனத்தது. இனித் தோள் தளர்கிறது என்பார் என்று நினைத்தேன். என்றார். தளர்ந்தது. ஒவ்வொரு சொல்லையும் அது வருவதற்கு முன்பே அறிந்திருந்தேன். அறிந்திருந்தது எனக்கு உதவவில்லை.

மிதிவண்டியைப் பற்றிக் கேட்டார். கடைக்குப் போகும் வழி. காலை வெயில், சங்கிலியின் ஓசை, குளக்கரை மேட்டில் எழுந்து நின்று மிதிப்பது. "மேடு வருது. வலது கால் பெடலைத் தேடுது. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நீங்க குளத்தைப் பாருங்க." நான் குளத்தைப் பார்த்தேன். தாமரை இலைகளுக்கு நடுவில் ஒரு நாரை நின்றது. அது பறக்குமா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

கால் அசைந்தது. முழங்கால் மேலேறி, பாதம் கீழே அழுத்தி, மறுபடி மேலேறியது.

நான் அசைக்கவில்லை. அப்படியென்றால் யார்?

வெளியே வந்ததும் பழையபடி இழுத்தது. "ஒரே நாள்ல ஆகாது" என்றார் மருத்துவர். "எல்லாருக்கும் பலிக்கும்னும் சொல்ல மாட்டேன்." பலிக்கும் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனவரி 21

ஒரு காரியம் செய்தேன். எழுதிவிடுகிறேன்.

தையல்நாயகிக்குப் பங்குனித் திருவிழாவில் சாமி வரும். கல்யாணமான ஆண்டிலிருந்தே வரும். நான் போய்ப் பார்த்ததில்லை. வீட்டிலும் அவள் படங்களெல்லாம் அடுக்களை அலமாரிக்குள், கதவு சாத்தித்தான் இருக்கும். அது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வேப்பிலையோடு அவள் வீடு திரும்பும்போது, "இந்த வருசம் நடிப்பு எப்படி?" என்று கேட்பேன். அவள் நேரே குளிக்கப் போய்விடுவாள்.

இன்று கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கேட்டேன்: "சாமி வர்றப்ப உனக்கு நெனவு இருக்குமா?"

கத்தி நின்றது. "கேலியா?"

"இல்ல. கேக்குறேன்."

கத்தி மறுபடி அசைந்தது. "எல்லாந் தெரியும்ங்க. எதுத்தாப்புல யாரு நிக்கிறா, பொடவை எங்க வெலகுதுன்னுகூடத் தெரியும். கை ஆடுறது தெரியும். ஆட்டுறது நானில்ல."

அரிந்த காயைத் தண்ணீரில் போட்டாள்.

"நாப்பது வருசத்துல இன்னைக்குத்தான் கேக்குறீங்க" என்றாள்.

கத்தரிக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது.

சனவரி 29

மருத்துவரிடம் அவள் சொன்னதைச் சொன்னேன். "அம்மா எவ்ளோ சரியா சொல்லிட்டாங்க. நாங்க இதுக்கு ஒரு பக்கம் எழுதுவோம்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மன் வருவதும் கால் நிற்பதும் ஒன்றா என்று கேட்டேன்.

"ஒண்ணுன்னு சொல்லல. ஆனா ரெண்டு பேரும் பொய் சொல்லல."

பிப்ரவரி 6

வீட்டிலேயே நானாகச் செய்யச் சொல்லியிருக்கிறார். மாலையில் நாற்காலியில் அமர்ந்து, காலண்டர் ஆணியைப் பார்த்து, மிதிவண்டியில் குளக்கரைக்குப் போய் வருகிறேன். பிறகு சுவரோரமாக நடை. கட்டைவிரலைத் தொட்டாற்போல மற்றக் குதிகாலை வைத்து, கோடு போட்ட மாதிரி நடக்க வேண்டும். நாலு தப்படி நன்றாக வருகிறது. அப்புறம் காலைப் பார்த்துவிடுகிறேன். நின்றுவிடுகிறது.

தையல்நாயகி பக்கத்து வீட்டில் போய், "அவரு இப்பல்லாம் சாயங்காலம் தியானம் பண்றாரு" என்று சொல்லியிருக்கிறாள். சன்னல் வழியாகக் கத்தி மறுப்புத் தெரிவித்தேன்.

பிப்ரவரி 12

காப்பித்தூள் தேடி அடுக்களை அலமாரியைத் திறந்தேன். அவள் படங்கள் இருக்கும் பக்கத்துக் கதவைத் தவறித் திறந்துவிட்டேன். மாரியம்மன் படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தது. நேர்ந்துகொண்டால் அப்படி முடிவார்கள்.

"என்ன வேண்டுதல்?"

"எனக்கும் அம்மனுக்கும் உள்ளது."

"தையல்நாயகி."

"உங்க கால் வந்துட்டா பங்குனியில தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். போதுமா?"

போதாது. அவளுக்குச் சர்க்கரை. உள்ளங்கால் மரத்துப் போய் ஐந்தாறு ஆண்டாகிறது. போன ஆடியில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி, தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. தழலில் நடப்பதில் மந்திரம் எதுவும் இல்லை, மேடையில் நான் எத்தனையோ முறை மிதித்துக் காட்டியிருக்கிறேன். கரித்தழல் சூட்டை மெல்லத்தான் கடத்தும், விரைந்து நடந்தால் சுடாது. ஆனால் சுடுகிறது என்று பாதம் சொன்னால்தானே விரைவோம்? அவள் பாதம் சொல்லாது. அவள் அம்மனை நினைத்துக்கொண்டு நடுக்குழியில் நிற்பாள்.

இதையெல்லாம் சொன்னேன்.

"அம்மா பாத்துப்பா."

"உங்க அம்மா கண்ணாடிச் சில்லைப் பாத்தாளா?"

அவள் அலமாரியைச் சாத்தினாள். பேச்சு முடிந்தது.

பிப்ரவரி 20

நடந்தேன். அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மின்விசிறியின் ஓசை மாறியிருந்தது. எண்ணெய் விட வேண்டும் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அப்புறம்தான் பார்த்தேன், தடி கட்டிலோரம் சாய்ந்திருந்தது.

மறுபடி நடந்தேன். வந்தது. கொல்லை வரைக்கும் போனேன். துளசி மாடத்தைச் சுற்றிக்கொண்டுகூட வந்தேன். வழியில் இருந்ததால்தான்.

வாசல் கதவு ஓசை கேட்டது. தடியை எடுத்துக்கொண்டேன். காலை இழுத்தேன்.

பிப்ரவரி 21

இழுக்கிறேன்.

பிப்ரவரி 26

மழை இல்லை. ரேடியோ இரண்டையும் வீட்டுக்கு வரவழைத்துச் சரி செய்து கொடுத்தேன். இந்த இழுப்பு திருவிழா முடிகிற வரைக்கும்தான். அப்புறம் கால் திடீரென்று வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த பங்குனிக்குள் அவள் மனம் மாறலாம்.

மார்ச்சு 3

மருத்துவர் அறைக்குள் நேராக நடந்து போனேன். கைதட்டினார். வெளியே தையல்நாயகி இருக்கிறாள், சத்தம் வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஐயா, இது ஆபத்து. நல்லா இருக்கிற காலை நாள் பூரா இழுத்தா, கால் அதையே கத்துக்கும். மறுபடி கவனம் அங்க போய் உக்காந்துடும். இந்தத் தடவை எடுக்கிறது கஷ்டம்."

"அவ கால் வெந்து போனா அது ஆபத்து இல்லையா?"

"அதுக்கு அவங்ககிட்டப் பேசுங்க."

நாற்பது ஆண்டில் நாங்கள் அப்படி என்ன பேசியிருக்கிறோம் என்று இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

மார்ச்சு 6

மருத்துவர் சொன்னது சரிதான். காலையில் தடியில்லாமல் கொல்லைக்குப் போகப் பார்த்தேன். நிலைப்படியில் கால் நின்றுவிட்டது. நான் இழுக்கவில்லை. தானாக நின்றது. நெடுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்ச்சு 8

பகல் சாப்பாட்டுக்கு எழுந்து போனேன், தடியோடு. அவள் இலை போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஒங்களுக்கு நடிக்கத் தெரியலங்க."

"என்ன?"

"நெசமா இழுத்தப்ப பாதம் வெளிய திரும்பிக்கிட்டு வரும். இப்ப நேரா வருது. ஊரெல்லாம் மேடை போட்டு என்னத்தக் காட்டுனீங்களோ."

உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"உப்பு ஜாடி மேத்தட்டுக்கு ஏறுச்சுல்ல, அன்னைலேர்ந்து. எனக்கு எட்டாதுன்னு தெரிஞ்சும் அங்கதானே வைப்பீங்க. ரெண்டு காலும் ஊணி எக்காம ஒங்களுக்கும் அது எட்டாது."

சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"எதுக்கு நடிச்சேன்னு கேக்கலையே நீ?"

"அதான் தெரியுமே." அப்பளத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இருந்தாலும் நான் வாக்குக் குடுத்துட்டேன். கால் வந்துருச்சு. மிதிக்கணும்."

"என் கால் வந்தது அந்த டாக்டரம்மாவால. என் பயிற்சியால."

"யாரால வேணா வரட்டும். நான் கேட்டது அம்மாகிட்ட."

மார்ச்சு 10

மாரியம்மன் கோயில் வேம்பு பூசாரி வீட்டுக்குப் போனேன். அவர் கோயில் வாசலிலேயே மேடை போட்டுத் தந்திரக் காட்சி நடத்திய நாளிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. தடி எடுக்கவில்லை. தெருவே பார்த்தது.

"வாங்க பகலவன். வழி தவறி வந்துட்டீங்களா?"

அவளைக் குழியில் இறக்கக் கூடாது என்று, கற்று வைத்திருந்த அறிவியல் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு கடைசி வரைக்கும் கேட்டார்.

"சக்கரைக்காரங்கள நாங்களே எறக்குறதில்லையே. கமிட்டியில முடிவு பண்ணி போர்டே வச்சிருக்கோம். நீங்கதான் கோயில் பக்கம் வர்றதில்ல. அவங்களுக்கு அடிப்பிரதட்சிணம். அடிமேல அடி வச்சு மூணு சுத்து வந்தாப் போதும், வேண்டுதல் தீந்துரும்."

சண்டை போட வந்தவனுக்கு இது பெரிய ஏமாற்றம். எழுந்தேன்.

"ஒண்ணு இருக்கு," என்றார். "யாருக்காக நேர்ந்தாங்களோ அவரும் கூடச் சுத்தணும்."

"இது எப்ப வந்த வழக்கம்?"

"வழக்கந்தான். இன்னைலேர்ந்து." வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "என் வாசல்லயே மைக் கட்டுனீங்கல்ல?"

தையல்நாயகியிடம் சொன்னேன். மஞ்சள் முடிச்சை எடுத்துப் பார்த்தாள். "பூசாரி சொன்னா சரி. நீங்க வருவீங்களா?"

மருத்துவர் என்னைக் கட்டைவிரலும் குதிகாலும் தொட நடக்கச் சொன்னாரே, அதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மார்ச்சு 27

திருவிழா.

நிபந்தனைகளை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நெற்றியில் எதுவும் பூச மாட்டேன். கும்பிட மாட்டேன். அவள் வேண்டுதலைச் செய்வாள், நான் பயிற்சியைச் செய்வேன். இரண்டும் ஒரே இடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான். "சரிங்க" என்றாள். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஈரப் புடவையோடு அவள் முன்னால். நான் பின்னால். பார்த்தவர்கள் பார்த்தார்கள். தேங்காய்க் கடையில் நின்ற பழைய தோழர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தேங்காய்க் கடையில் என்ன செய்தார் என்று நானும் கேட்கலாம்.

முதல் சுற்று தடையில்லை. இரண்டாவது சுற்றில், வடகிழக்கு மூலையில், மேளம் திடீரென்று பக்கத்தில் வந்தது. யாரோ பின்னாலிருந்து, "அட, பகலவன் அய்யாவா!" என்றார்கள். நான் காலைப் பார்த்தேன்.

நின்றுவிட்டது.

பார்க்கப் பார்க்கத் தரையோடு ஒட்டியது. வியர்த்தது. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நகரு, நகரு என்றேன் உள்ளுக்குள். கல்லிடம் சொல்வது போல இருந்தது. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? சாமி தண்டித்தது என்பார்களா, நடிக்கிறான் என்பார்களா?

தையல்நாயகி திரும்பவில்லை. குனிந்த தலையோடு அடுத்த அடியை வைத்துக்கொண்டே, "என்னங்க, பால் அடுப்ப அணைச்சீங்களா?" என்றாள்.

"நான் எதுக்கு அணைக்கணும்? கடைசியா அடுக்களையிலேர்ந்து வந்தவ நீ."

"சிம்முல வச்சுட்டு ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே குளிக்கப் போனேன்."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"சொன்னேன். வழக்கம்போல காதுல வாங்கல."

"என் காதுக்கு ஒண்ணும் இல்ல! நீ மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு வாயால சொன்னதா நெனச்சுக்குவ. போன மாசம் மோட்டார் சுவிட்சுக்கும் இதையேதான் சொன்ன. தொட்டி வழிஞ்சு தெரு பூரா தண்ணி..."

"மோட்டாரப் போட்டது நீங்க."

"நானா?"

நான் அதற்குப் பதில் சொல்லி முடித்தபோது மூலையைத் திரும்பி, கிழக்குப் பக்கத்தில் பாதி தூரம் வந்திருந்தோம். மூன்று சுற்றும் முடிந்தது. அவள் கும்பிட்டாள். நான் அவள் செருப்பைத் தேடிக் கொண்டுவந்து போட்டேன். கூட்டத்தில் தொலைந்துவிடும் என்பதால்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அடுக்களைக்குப் போனேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, உலர்ந்தே போயிருந்தது. இன்று அவளுக்கு விரதம். பாலே வாங்கவில்லை.

உப்பு ஜாடியை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.